வராமல் இருக்க வேண்டிய அஞ்சல்

மதியச் சாப்பாடு முடிந்து அலுவலகமே அரைத்தூக்கத்தில் கிடந்த நேரத்தில், அவள் திரையில் பச்சையாக ஓடிக்கொண்டிருந்த வரிகள் திடீரென்று சிவப்பாயின. எதிர்பார்த்த அஞ்சல் வரவில்லை என்றது முதல் வரி. அடுத்த வரியும் அதையே சொன்னது. அவள் சோதனையை மறுபடி ஓட்டிப் பார்த்தாள். மறுபடியும் சிவப்பு. எங்கே பிழை என்று தேடித் தேடி, சலிக்காமல் ஓட்டிக்கொண்டே இருந்தாள்.

படகுப் பயணங்களுக்கு இணையத்தில் இடம் பிடித்துக் கொடுக்கும் கம்பெனி அது. இடம் பிடித்தால் ஒரு மின்னஞ்சல் போகும். நேரம் மாறினால் ஒன்று. ரத்து செய்தால் ஒன்று. அவை ஒழுங்காக எழுதப்பட்டுப் போகின்றனவா என்று தானாகச் சோதிக்கும் நிரல்களைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. நிரல் ஒரு பொய்ப் பயணியாக உள்ளே நுழைந்து, பொத்தானை அழுத்தி, இடம் பிடிக்கும். புறப்படும் அஞ்சல் வெளியே போகாமல், ‘கிணறு’ என்று அவர்கள் பெயர் வைத்திருந்த ஒரு பெட்டிக்குள் விழும். நிரல் அதை எட்டிப் பார்த்து, பெயர் சரியா, நேரம் சரியா, இருக்கை சரியா என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். எல்லாம் சரியென்றால் பச்சை.

அந்தப் பொய்ப் பயணியின் பெயர் தும்பி. அவள் கணவனை வீட்டில் கூப்பிட்ட பெயர். முதல் சோதனையை எழுதியவன் அவன்தான். அப்போது அவளுக்குப் பக்கத்து நாற்காலி. பயணி என்று யாரையாவது போட வேண்டுமே என்று தன் செல்லப் பெயரையும் சொந்த மின்னஞ்சல் முகவரியையும் போட்டுவிட்டு, “நமக்கு எங்க ஊர் சுத்த நேரம்? இப்படி ஓசியிலயாச்சும் போய்ட்டு வரேன்” என்றான். போன மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தவன் எழுந்திருக்கவே இல்லை. பயணியை மாற்றச் சொல்லி அவளிடம் யாரும் வாய் திறக்கவில்லை. அவளும் மாற்றவில்லை. அதனால் தும்பி தினமும் ஜன்னலோரம் இடம் பிடித்தான், நேரத்தை மாற்றினான், வேண்டாமென்று ரத்து செய்தான், மறுநாள் மறுபடி கிளம்பினான். சில மதியங்களில் அவள் கிணற்றைத் திறந்து சும்மா வாசிப்பாள். வணக்கம் தும்பி, உங்கள் பயணம் உறுதியாகிவிட்டது. வாசிக்க வாசிக்க, கண்ணாடிக்கு அப்பால் வெயில் கலங்கி, தானும் ஏதோ நீருக்கடியில் உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கும்.

கைபேசி அதிர்ந்தது. மாமனார்.

“ஏம்மா, தும்பிக்கு ஒரே மெயிலா வந்துக்கிட்டு இருக்கே?”

அவள் கை விசைப்பலகைமேல் அப்படியே நின்றது. மகனின் போனை அவர் இன்னும் சார்ஜ் போட்டு, துடைத்து, தலைமாட்டில் வைத்திருந்தார்.

“என்ன மெயில் மாமா?”

“போறேங்கறான். வேணாங்கறான். திரும்பவும் போறேங்கறான். இருக்கிறப்ப எப்படியோ அப்படியேதான்.” சிரிப்பதுபோல் ஒரு சத்தம் கேட்டது. “அது கிடக்கட்டும். நாம வீட்டுல கூப்பிடுற பேரு படகுக்காரனுக்கு எப்படித் தெரிஞ்சது?”

சோதனை அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. தும்பி புதிதாக இடம் பிடித்து முடித்திருந்தான். அவள் அதைப் பாதியில் நிறுத்தினாள்.

காலையில் அஞ்சல் சர்வரை மாற்றியது பக்கத்து மேசைப் பையன். தலைமுடியை வைத்து எல்லோரும் அவனைச் சுருட்டை என்பார்கள். சோதனை அஞ்சல்கள் கிணற்றுக்குத் திரும்ப வேண்டிய வழியைப் போட மறந்திருந்தான். விஷயம் தெரிந்ததும் முகம் வெளிறி, “அக்கா, செத்தேன்” என்றான். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டான். சோதனையில் இருந்த மற்ற முகவரிகள் எல்லாம் உலகத்தில் இல்லாதவை. எதிர்முனையில் ஆள் இருந்தது ஒன்றில் மட்டும்தான்.

மேலாளர் அம்மா சத்தம் போடவில்லை. “நாளைக்குள்ள அடைங்க. இனிமே ஒண்ணும் வெளிய கசியாதுன்னு ஒரு டெஸ்ட் எழுதிக் காட்டுங்க” என்றார். கிளம்பும்போது அவள் தோளை ஒருமுறை தொட்டுவிட்டுப் போனார்.

வீட்டில் மாமனார் விளக்குப் போடாமல், சாயங்கால வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தார். வாழ்நாளெல்லாம் லாரி ஓட்டியவர். உட்கார்ந்தால் இப்போதும் எதிரே சாலை இருப்பதுபோல்தான் பார்ப்பார். மடியில் மகனின் போன்.

“மாமா, அது வந்து…”

“உங்க ஆபீஸ் வேலைன்னு தெரியும்மா. எனக்கு ஒண்ணும் மூளை கலங்கிடல.” கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். “தெரிஞ்சும், அடுத்தது என்ன வரும்னு பாத்துக்கிட்டே இருந்தேன். சாப்பிடக்கூட எந்திரிக்கல. கடைசியா வந்ததைப் பாரு.”

பார்த்தாள். உறுதி. சனிக்கிழமை. ஜன்னலோரம்.

“அதுக்கப்புறம் ரத்துன்னு வரல. அப்படியே இருக்கட்டும்மா. கிளம்பினவன் கிளம்பினதாவே இருக்கட்டும். அந்த ஒண்ணு மட்டும் வராமப் பாத்துக்க.”

அவர் கூப்பிட்டதால்தான் அது பாதியில் நின்றது என்று அவள் சொல்லவில்லை. “சரி மாமா” என்றாள். சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள்.

மறுநாள் காலையிலேயே இருவருமாகக் கசிவை அடைத்தார்கள். இனி எந்தச் சோதனை அஞ்சலும் கிணற்றைத் தாண்ட முடியாது. நிரூபிப்பதுதான் பாக்கி. பழைய பயணியை, பழைய முகவரியை வைத்து ஒரு பயணத்தை ரத்து செய்ய வேண்டும். அந்த ரத்து அஞ்சல் வெளியே போகக் கூடாது. போகவில்லை என்றால் பச்சை.

“வேற பேரு, வேற முகவரி வெச்சுப் பாக்கலாமேக்கா” என்றான் சுருட்டை, அவள் முகத்தைப் பார்க்காமல்.

“எங்க ஒழுகிச்சோ அங்கதான் தண்ணி ஊத்திப் பாக்கணும்.”

“ஒருவேளை ஒழுகிட்டா?”

அவள் சோதனையை எழுதத் தொடங்கினாள். எழுத எழுத ஒரு வரியில் கை நின்றது. எவ்வளவு நேரம் காத்திருப்பது? வருவதைச் சோதிப்பது சுலபம். வந்த நொடியே வேலை முடிந்துவிடும். நிரல் அடுத்த வரிக்குப் போய்விடும். வராததைச் சோதிப்பதுதான் பெரும்பாடு. இன்னும் வரவில்லையா, இனி வரவே வராதா என்று நிரலுக்குத் தெரியாது. குறித்துக் கொடுத்த நேரம் முழுவதும் அது வாசலில் நின்றே தீர வேண்டும். இத்தனை மாதமாகத் தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பதை, வேலைக்கு நடுவே யாரோ குனிந்து காதில் சொன்னதுபோல் இருந்தது அவளுக்கு.

“ஒரு நிமிஷம் போதாதாக்கா?”

“கொஞ்சம் கூடவே வெப்போம்.”

ஓட்டுவதற்கு முன் மாமனாரைக் கூப்பிட்டாள்.

“மாமா, அவர் போன் கையில இருக்கா?”

“கையிலதான்.”

“இப்ப நான் ஒரு ரத்து அனுப்பப் போறேன். அடைச்சது சரியா இருந்தா அது உங்ககிட்ட வராது.”

“தப்பா இருந்தா?”

“வந்துடும் மாமா.”

“ம்.” தொண்டையைச் செருமினார். “அனுப்பும்மா. லைன்ல இருக்கேன்.”

அவள் விசையைத் தட்டினாள். மற்ற சோதனைகள் எல்லாம் மளமளவென்று பச்சையாகி ஒதுங்கின. கடைசி வரி மட்டும் நின்று சுழன்றது. சுருட்டை நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தான். காதில் மாமனாரின் மூச்சு, அவர் அறையின் மின்விசிறி, அது புரட்டிப் புரட்டிப் போடும் செய்தித்தாள்.

வரி பச்சையானது. சுருட்டை சத்தமில்லாமல் கைகளை மேலே தூக்கினான்.

“ஒண்ணும் வரலம்மா.”

“இங்கயும் வரல மாமா.”

“சரி” என்றார் அவர். வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை. யாரோ ஜன்னல் திரைச்சீலையை இழுத்துவிட, மேசைமேல் கிடந்த வெயில் மெல்ல நகர்ந்து அவள் மணிக்கட்டில் ஏறியது. அந்தப் பக்கம் செய்தித்தாள் ஒருமுறை படபடத்து, காற்றில் பறந்து போய், எங்கேயோ தரையில் இறங்கும் சத்தம் கேட்டது. அதை எடுக்க அவர் எழுந்திருக்கவில்லை.