தரைத்தளத்தில் குடியிருப்பவர்

லாரி வந்து நின்ற பிறகும் தரைத்தளச் சன்னலில் திரை தொங்கிக்கொண்டிருந்தது. காலி செய்கிறவர்கள் திரையைக் கடைசியில்தான் கழற்றுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஜூலை ஒன்று. மாண்ட்ரியலில் எல்லார் குத்தகையும் முந்தின நாளோடு முடிந்து, ஊரே வீடு மாறும் நாள். ஒருவர் கிளம்பினால்தான் அடுத்தவர் நுழைய முடியும். எங்கள் தெருவில் அன்று காலை லாரிகளுக்கு நடுவே சைக்கிள்கூடப் போக முடியவில்லை. நடைபாதையில் மெத்தைகள், அலமாரிகள், யாருடையதென்று தெரியாத ஒரு மீன்தொட்டி. எங்கள் லாரியின் முன்சீட்டில், ஓட்டுநருக்குப் பக்கத்தில், மடியில் ஊன்றுகோலோடு அப்பா உட்கார்ந்திருந்தார். இரண்டு மணி நேரம் தள்ளி, ஷாவினிகன் என்ற ஊரில் இருந்த அவர் வீட்டை விற்று, சாவியையும் முந்தின நாளே கொடுத்தாயிற்று.

இந்த மூன்று மாடிக் கட்டடத்தை நானும் என் துணைவன் யானிக்கும் போன இலையுதிர்காலத்தில்தான் வாங்கினோம். முன்பணத்தில் பாதி அப்பா கொடுத்தது. வாங்குவதற்கு முன்னால், முதல்முறை வாடகைக்கு வீடு விடுகிறவர்களுக்கென்று நடந்த மாலை வகுப்பு ஒன்றுக்கு மும்முரமாகப் போனேன். கூரையைப் பார், அஸ்திவாரத்தைப் பார், வாடகையில் ஒரு பங்கைப் பழுதுபார்க்க ஒதுக்கி வை, வாய்ப்பேச்சை நம்பாதே. "மூணு மாடி வாங்குங்க. ஒண்ணுல நீங்க இருங்க. மத்த ரெண்டும் உங்க கடனைக் கட்டும்" என்பார் வகுப்பு எடுத்த மீசைக்காரர். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். பள்ளிக்கூடத்தில்கூட நான் இவ்வளவு நல்ல மாணவியாக இருந்ததில்லை. காலியாக இருந்த நடுமாடியில் நாங்கள் குடியேறினோம். மேல்மாடியில் ஒரு குடும்பம். தரைத்தளத்தில் ஜெர்வே, இருபது வருடத்துக்கு மேலாக.

நடுமாடிக்கு ஏற வெளியே இருக்கும் வளைந்த இரும்புப் படி ஒன்றுதான் வழி. அப்பாவுக்கு இடுப்பு மூட்டு தேய்ந்து போயிருந்தது. ஏப்ரலில் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள், அதற்குப் பிறகு படியே ஏறக்கூடாது. பெற்றோரைக் குடிவைக்க வீட்டைத் திரும்பக் கேட்கலாம், ஆறு மாதம் முன்னால் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று வகுப்பில் சொன்னார்கள். டிசம்பரிலேயே கடிதத்தை ஜெர்வே கையில் கொடுத்துவிட்டேன். அவர் படித்தார். "சரி, பாக்குறேன்" என்றார். அவ்வளவுதான். அப்புறம் பதிலே இல்லை. குளிர்காலம் முழுக்க, நான் எழுந்திருப்பதற்குள் எங்கள் படியில் விழுந்த பனியையும் சேர்த்துத் தள்ளிவைத்துவிட்டு அவர் பள்ளிப் பேருந்து ஓட்டப் போய்விடுவார். எவ்வளவு பெருந்தன்மையாக விட்டுக்கொடுக்கிறார் மனிதர் என்று நெகிழ்ந்து போனேன். வாடகை உயர்வுக் கடிதத்துக்குக் குடியிருப்பவர் பதில் போடாவிட்டால் சம்மதம் என்று சட்டம். மேல்மாடிக்காரர்கள் விஷயத்தில் அப்படித்தான் நடந்தது. இதுவும் அப்படித்தானே? ஜூன் மாதம் அவர் வாசலில் காலி அட்டைப்பெட்டிகளைக் கொண்டுபோய் அடுக்கினேன். மறுநாள் பெட்டிகள் உள்ளே போயிருந்தன. அப்பாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன்: "கட்ட ஆரம்பிச்சுட்டாரு."

அழைப்பு மணியை அழுத்தினேன். ஜெர்வே கதவைத் திறந்தார். வீட்டுச் செருப்பு, கையில் காபிக் கோப்பை. அவருக்குப் பின்னால் நடைவழி நெடுக நான் கொடுத்த பெட்டிகள், நாடா ஒட்டி, மேலே பெயர் எழுதி: சமையல், துணி, கருவிகள். ஒரு நிமிடம் எனக்கு உயிர் வந்தது.

"லாரி எப்போ வருது மெசியே ஜெர்வே?" என்று மரியாதையாகவே கேட்டேன்.

அவர் கோப்பைக்குள் பார்த்தார். "லாரி சொல்லலைம்மா. போறதுக்கு இடம் கிடைக்கல."

"நீங்க சம்மதிச்சீங்களே!"

"நான் ஒண்ணும் சொல்லலையே" என்றார். குரலில் சண்டை இல்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

நடைபாதைக்கு வந்து கோராலியைக் கூப்பிட்டேன். என்னோடு வகுப்புக்கு வந்தவள், எனக்கு முன்பே இரண்டு வீடு வாங்கியவள். நடந்ததைச் சொன்னேன்.

"வாடகைத் தீர்ப்பாயத்துல மனு போட்டியா?"

"எதுக்குப் போடணும்? அவர்தான் மறுக்கவே இல்லையே."

"ஐயோ மாரிலேன்! வாடகை ஏத்தும்போது வாய மூடிட்டு இருந்தா சம்மதம். வீட்டைத் திருப்பிக் கேக்கும்போது வாய மூடிட்டு இருந்தா மாட்டேன்னு அர்த்தம்டி. அவர் பதிலுக்கு ஒரு மாசம் பாத்துட்டு, அதுக்கு அடுத்த மாசத்துக்குள்ள நீ மனு போட்டிருக்கணும். அவர் குத்தகை தானா புதுப்பிச்சாச்சு. இனிமே ஒரு வருஷத்துக்கு அது அவர் வீடு."

"அப்பா லாரியில உக்காந்திருக்காருடி."

"உங்கப்பாவ அந்த வீட்டுக்குள்ள மட்டும் குடிவச்சுடாத, சட்டம் உன் பக்கம் இல்ல" என்றாள். அந்த வகுப்பில் நான் தவறவிட்டது ஒரே ஒரு நாள், யானிக்கின் பிறந்தநாள். இதை அன்றைக்குத்தான் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

நான் திரும்புவதற்குள் யானிக்கும் அவன் தம்பியும் அப்பாவின் சாய்வு நாற்காலியை இறக்கி ஜெர்வேயின் வாசல்வரை கொண்டுபோயிருந்தார்கள். சுமை கூலிக்காரர்கள் மணிக்கணக்கில் காசு வாங்குகிறவர்கள். பின்னால் ஒரு லாரி விடாமல் ஹாரன் அடித்தது. ஜெர்வே வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். கோப்பையை எங்கேயோ வைத்துவிட்டிருந்தார். இரண்டு கையும் நிலைக்கட்டையில்.

"நகருங்க" என்றான் யானிக்.

"முடியாது தம்பி."

"பெரிய மனுஷன்னு பாக்குறேன். டிசம்பர்ல குடுத்த கடுதாசிக்கு ஜூலையில வந்து முடியாதாம்! தபர்நாக்!" என்று ஊர்க் கெட்ட வார்த்தையை வீசினான். "எங்க மாமாவ எங்க கொண்டுபோய் படுக்க வைக்கிறது, மரத்தடியிலயா?"

நாற்காலியின் கால் ஜெர்வேயின் முழங்காலில் முட்டியது. அவர் நகரவில்லை. எதிர்வீட்டுக்காரர்கள் தூக்கிய சோபாவை அப்படியே கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். யானிக்கின் கழுத்து சிவந்து வருவதைப் பார்த்தேன். இன்னும் ஒரு வார்த்தை போதும், கை நீண்டுவிடும். நான் ஓடிப்போய் அவன் சட்டையைப் பிடித்தேன்.

"யானிக், கீழ வை."

சொன்னது அப்பா. யார் இறக்கிவிட்டார்களோ தெரியவில்லை, ஊன்றுகோலோடு நடைபாதையில் நின்றுகொண்டிருந்தார். முகம் வெளிறியிருந்தது. யானிக் நாற்காலியை இறக்கினான். அப்பா ஜெர்வேயைப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "ஐயா, சண்டையை அப்புறம் வச்சுக்கலாம். ஷாவினிகன்லேருந்து அடக்கிட்டு வரேன். உங்க பாத்ரூமைக் கொஞ்சம் விடுவீங்களா?"

எதிர்வீட்டில் யாரோ சிரித்தார்கள். ஜெர்வே நிலையிலிருந்து கையை எடுத்தார். அப்பாவின் முழங்கையைப் பிடித்து, பெட்டிகளுக்கு நடுவே ஒருக்களித்து உள்ளே கூட்டிப்போனார். கதவு திறந்தே இருந்தது. என் பெயரில் பத்திரம் இருக்கும் வீடு, ஆனால் அவர் கூப்பிடாமல் அந்த வாசலை நான் தாண்டக்கூடாது.

நேரம் போய்க்கொண்டிருந்தது. தண்ணீர் ஓடும் சத்தம், பிறகு நாற்காலி இழுபடும் சத்தம், பேச்சுக் குரல். யானிக் என் காதருகே குனிந்தான்.

"இது நல்லதுக்குத்தான். இன்னிக்கு ராத்திரி மட்டும் படுத்துக்கட்டுமேன்னு கேளு. அந்த ஆள் மாட்டேன்னு சொல்ல மாட்டான். உள்ள போன நோயாளிக் கிழவரை அப்புறம் எவன் வெளிய தள்ளுவான்? ஒரு மாசத்துல தானே கிளம்பிடுவான்."

நான் பதில் சொல்லவில்லை. யானிக் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு, தம்பியிடம் கட்டிலையும் இறக்கச் சொன்னான். நான் தடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், அவன் வாய்திறப்பதற்கு முன்பே எனக்கு அந்த எண்ணம் வந்துவிட்டிருந்தது. அப்பாவை மெத்தையில் படுக்கவைத்துப் போர்வை இழுத்துவிடுவதுவரை மனதில் பார்த்துவிட்டேன்.

அவர்கள் இருவரும் வெளியே வந்தபோது அப்பாவின் முகத்தில் கொஞ்சம் ரத்தம் திரும்பியிருந்தது. நான் கேட்பதற்கு முன்னால் ஜெர்வேயே பேசினார்.

"பின்னறையில ஒரு கட்டில் போடலாம். சின்ன அறைதான். இவர் இருக்கட்டும்."

யானிக் என்னைப் பார்த்தான். நான் வேகமாக, "ரொம்ப நன்றி மெசியே ஜெர்வே, நாங்க..." என்று ஆரம்பித்தேன்.

"வேணாம்" என்றார் அப்பா. நடைபாதைக்கு வந்துவிட்ட கட்டிலை ஒருமுறை பார்த்தார். பிறகு என்னை. என் முகத்தில் இருந்ததை மறைக்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை. "இன்னிக்கு நான் பின்னறை. அடுத்த வாரம் என் நாற்காலி முன்னறை. கிறிஸ்துமஸுக்கு இவர் எங்க இருப்பாரு? சொல்லு மாரிலேன்."

நான் கட்டில் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"இவர் சமையலறையில வீடு தேடின பேப்பரெல்லாம் கிடக்கு. எங்க கேட்டாலும் ரெட்டிப்பு வாடகையாம். கோடை ரெண்டு மாசம் பேருந்தும் கிடையாது, சம்பளமும் கிடையாது. முடியாதுன்னு உங்கிட்ட சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டுப் பனி தள்ளியிருக்காரு மனுஷன்." அப்பா ஊன்றுகோலை யானிக்கிடம் நீட்டினார். "இதைப் பிடி. உங்க வீட்டுல எனக்கு இடம் இருக்கா இல்லியா?"

"அப்பா, படி ஏறக்கூடாதுன்னு டாக்டர்... ஓட்டல்ல..."

"இன்னிக்கா? ஊரே வீடு மாறுற நாள்ல ஓட்டலா?" என்று சிரித்தார்.

வலதுகையால் கம்பியைப் பிடித்து, நல்ல காலை முதல் படியில் வைத்தார். நான் பின்னால் ஏறப் போனபோது ஜெர்வே என்னை மெதுவாக ஒதுக்கிவிட்டு ஏறினார். அப்பாவுக்குக் கீழே ஒரு படி இடைவெளி விட்டு, இரண்டு கையையும் அவர் முதுகுக்குப் பின்னால் விரித்துக்கொண்டு, தொடாமல். மேலே போனால் அப்பா சீக்கிரம் இறங்கப்போவதில்லை. தெரு, கடை, எதிர்வீட்டு மனிதர்கள் எல்லாம் இனி பால்கனியோடு சரி. எனக்கு அது தெரிந்தது. அவருக்கும் தெரிந்திருக்கும். எனக்கு அழுகை வந்தது, அழக்கூட வெட்கமாக இருந்தது.

படி வளையும் இடத்தில் அப்பா நின்றார். நெற்றியைக் கம்பியில் சாய்த்து மூச்சு வாங்கினார். ஜெர்வேயின் கைகள் இப்போது அவர் முதுகைத் தொட்டுவிட்டன. பின்னால் ஹாரன் அடித்த லாரிக்காரன்கூட நிறுத்திவிட்டான். மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் இரண்டு பேரும் அங்கேயே நின்றார்கள். அடியில் கம்பியைப் பிடித்திருந்த என் கையில் இரும்பு லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது.