பத்தாவது வரிசை

"ஏழெட்டு எவ்வளவு, சொல்லுங்கோ" என்றாள் வத்சலா, காபி டம்ளரை நீட்டிக்கொண்டே. சிவராம் டம்ளரை வாங்கிக்கொண்டார். காபியை ஆற்ற ஆரம்பித்தார். மே மாதம் மூளையில் ஒரு ரத்தக்குழாய் அடைத்து அவரைச் சாய்த்துவிட்டது. பிறகு கை, கால், பேச்சு என்று ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. வாய்ப்பாடு மட்டும் வரவில்லை. பாலங்களுக்கு டிசைன் போடும் கம்பெனியில் இன்ஜினீயர், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பதினாறாம் வாய்ப்பாடு சொல்லக்கூடிய மனுஷர். கேட்டுக்கொண்டே இருங்கள் என்று டாக்டர் ஒரு வார்த்தை சொன்னாலும் சொன்னார், வத்சலா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ஊரின் மறுகோடியிலிருக்கும் பெஹாலாவிலிருந்து நலம் விசாரிக்க வந்த உறவுக்காரர்களும் ஆப்பிளை வைத்துவிட்டு ஆளுக்கொரு பெருக்கல் கேட்டுவிட்டுப் போனார்கள். கேட்கிறவர்களுக்கு என்ன, வாய்தானே.

"பூஜை லீவு முடிஞ்சதும் வேலையை விட்டுடறேன்னு எழுதிக் குடுத்துடறேன், வத்சலா. இனிமே என்னால ஆகாது."

ஐம்பது வயதில் வீட்டோடு உட்கார்ந்தால் இவர் உருக்குலைந்து போவார் என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

அன்று துர்கா பூஜை அஷ்டமி. நியூ டவுனில் அவர்கள் இருந்த அடுக்ககத்தின் கீழேயே பந்தல். அஷ்டமி முடிந்து நவமி பிறக்கும் வேளையில் சந்தி பூஜைக்கு நூற்றெட்டு விளக்கு ஏற்ற வேண்டும். வத்சலா வற்புறுத்தி அவரை அழைத்து வந்திருந்தாள். எதிர் ஃப்ளாட் மௌசுமி, எல்லோருக்கும் பௌதி, அதாவது அண்ணி, அகல்களை அடுக்கி முடித்து நிமிர்ந்தாள்.

"சிவராம்தா, ஒன்பது வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு. நூற்றெட்டு சரிதானே?" என்று வங்காள மொழியில், அவரை அண்ணா முறை வைத்துக் கேட்டாள். மரியாதைக்குக் கேட்டதுதான். தலையாட்டியிருந்தால் போதும்.

சிவராம் தலையாட்டவில்லை. சரிதான் என்று அவர் காதோடு சொல்ல வாயெடுத்த வத்சலா, அவர் மெல்லக் குந்தி உட்காருவதைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். அவர் கூடையில் மிஞ்சியிருந்த அகல்களை எடுத்துப் பத்தாவதாக ஒரு வரிசை வைக்க ஆரம்பித்தார்.

"ஐயோ, கூடிப் போய்விடுமே!" என்றாள் பௌதி.

அவர் காதில் வாங்கவில்லை. வைத்து முடித்து, எழுந்து பக்கவாட்டில் போய் நின்றார்.

"இங்கேர்ந்து பாத்தா பன்னெண்டு வரிசை. ஒவ்வொண்ணுலயும் பத்து." விரலை மடக்கினார். "பத்து, இருபது, முப்பது..." கடைசியில், "நூத்தி இருபது" என்றார். பிறகு தான் வைத்த வரிசையை ஒவ்வொரு அகலாக எடுத்துக்கொண்டே பின்னோக்கி எண்ணினார். கடைசி அகல் கைக்கு வந்தபோது, "நூத்தி எட்டு" என்றார். பௌதியிடம் திரும்பி வங்காளத்தில் சரி என்றார்.

"அதைத்தானே நானும் சொன்னேன்!" பௌதி சிரித்தாள்.

"நீங்கள் சொன்னீர்கள். ஏன் என்று இப்போதுதான் பார்த்தேன்."

ஒன்பது பன்னிரண்டு ஏன் நூற்றெட்டு என்று வத்சலா ஒருநாளும் யோசித்ததில்லை. டீச்சரின் ஸ்கேலுக்குப் பயந்து உருப்போட்டது, அவ்வளவுதான். இத்தனை மாதமாக, இல்லாமல் போனதையே தினம் கேட்டு இந்த மனுஷரை நோகடித்திருக்கிறோமே என்று நினைத்ததும் கண் நிறைந்துவிட்டது. நல்லவேளை, சாம்பிராணிப் புகை இருந்தது, சாக்குச் சொல்ல.

டாக் மேளம் முழங்க, விளக்குகளை ஏற்றினார்கள்.

"இப்போ ஏழெட்டு கேளேன்" என்றார் அவர்.

"கேக்க மாட்டேன். நீங்களே கண்டுபிடிச்சு எனக்கும் காட்டுங்கோ."

ராஜினாமாவைப் பற்றி அவர் பேசவில்லை. அவளும் கேட்கவில்லை. ஏற்றாத பன்னிரண்டு அகலையும் அவர் தரையில் பரப்பி, நாலு நாலாக மூன்று வரிசை வைத்தார். வத்சலா அவருக்குப் பக்கவாட்டில் போய் உட்கார்ந்தாள். அங்கிருந்து பார்க்க, நான்கு வரிசை இருந்தது.