பதினொன்றாவது போல்ட்

குலுக்கினால் உள்ளே இரண்டு எஃகுக் குண்டுகள் சத்தம் போடுகின்றன, பல் துலக்கியதும் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் தட்டிலிருந்து அந்தச் சிவப்பு நகப்பூச்சுக் குப்பியை எடுத்து மூன்று முறை குலுக்குகிறேன், காதருகே வைத்துக் கேட்கிறேன், திரும்ப வைக்கிறேன், முகம் கழுவுகிறேன், பால் பாக்கெட்டைக் கத்தரிக்கிறேன், அரை லிட்டர் ஒருவனுக்கு அதிகம், ஆனாலும் அரை லிட்டர்தான் வாங்குகிறேன், காப்பியை நின்றுகொண்டே குடிக்கிறேன், டம்ளரைக் கழுவிக் கவிழ்க்கிறேன், கேஸை மூடினேனா என்று பார்க்கிறேன், கதவைப் பூட்டி இழுத்துப் பார்க்கிறேன், ஆறே முக்காலுக்குப் பட்டறை. மூன்று மாதமாக இதேதான். இன்று மட்டும் குப்பியைத் தட்டில் வைக்கவில்லை, சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன், வண்டி பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் நெஞ்சுக்குப் பக்கத்தில் குண்டுகள் உருண்டன, மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய தெருவில் உப்புக் காற்று அடித்தது, தூத்துக்குடிக்கு விடிந்து வெகு நேரமாகியிருந்தது, எனக்கு இன்னும் விடிந்த மாதிரி இல்லை.

பட்டறை நடுவில் தலைகீழாக நிற்கிறது கஸ்பார் அண்ணனின் படகு எஞ்சின், ஆறு சிலிண்டர், இரும்புத் தாங்கியில் கவிழ்த்து வைத்திருக்கிறேன், அதன் வயிறு மேலே பார்த்துத் திறந்து கிடக்கிறது, வயிறு என்று நான் சொல்லவில்லை, ஜெனோவா சொன்னது, கல்யாணமான புதிதில் ஒரு விடுப்பு நாளில் பட்டறையைப் பார்க்க வந்தவள், ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸ், நான் ஒரு எஞ்சினின் ஆயில் தொட்டியைப் பூட்டப் போகும் நேரம் குனிந்து பார்த்து, போல்ட் எல்லாம் முறுக்கியாச்சா என்று கேட்டாள், எல்லாம் ஆச்சு என்றேன், எல்லாம்னா எத்தனை என்றாள், எல்லாம்தான் என்றேன், எல்லாம்ங்கிறது ஒரு நம்பரா இன்ஜினியர் சார், எங்க தியேட்டர்ல எவ்வளவு பெரிய டாக்டரா இருந்தாலும் பஞ்ச எண்ணி முடிக்காம வயித்த மூட விடமாட்டோம், நீங்க என்னடான்னா கடலுக்குப் போற எட்டுப் பேரு உசுர எல்லாம்னு சொல்லி மூடுதீங்க. கைப்பையைத் திறந்து இந்தக் குப்பியை எடுத்தாள், இதே குப்பி இல்லை, இதற்கு முன்னால் நாலு குப்பி தீர்ந்திருக்கும். அன்றிலிருந்து அதுதான் முறை, பிஸ்டனிலிருந்து இறங்கும் ஒவ்வொரு கனெக்டிங் ராடின் அடிமூடியையும் கிராங்க் தண்டோடு பிடித்து வைப்பது இரண்டு போல்ட், ஆறு ராடுக்குப் பன்னிரண்டு, முதல் சுற்றில் எல்லாவற்றுக்கும் பாதி இறுக்கம், இரண்டாம் சுற்றில் முழு இறுக்கம், அளவு சேர்ந்ததும் ரெஞ்ச் டக் என்று சொல்லும், நான் நம்பரைச் சொல்வேன், அவள் திருப்பிச் சொல்லி போல்ட்டின் தலையில் ஒரு சிவப்புப் பொட்டு வைப்பாள், அவள் திருப்பிச் சொல்லாமல் நான் அடுத்ததுக்குப் போகக் கூடாது. பக்கத்து லேத் பட்டறைப் பொன்னுலிங்கம் எட்டிப் பார்த்து, என்ன தங்கச்சி, இஞ்சினுக்குப் பொட்டெல்லாம் வைக்கிய, கல்யாணமா என்பார், ஆமாண்ணே, ஒங்க லேத்துக்குத்தான் பேசிருக்கு, மாப்பிள்ள குளிச்சு எத்தன வருசமாச்சுன்னுதான் யோசிக்கோம் என்பாள், அவர் சிரிக்கிற சத்தம் தகரக் கூரையில் பட்டுத் திரும்பும், இப்போதும் சில மத்தியானங்களில் திரும்புகிறது, நான் நிமிர்ந்து பார்க்கிறேன், பொன்னுலிங்கம் தலையைக் குனிந்து கடைந்துகொண்டிருக்கிறார், அவர் சிரித்து மூன்று மாதமாகிறது.

ஜூன் முதல் வாரம், மீன்பிடித் தடைக்காலம் முடிய இன்னும் பத்தே நாள், கஸ்பார் அண்ணன் சூரை மீனுக்குப் போகிற தூண்டில் படகுக்காரர், படகும் அவருடையது, ஓட்டுவதும் அவர்தான், அவருடைய எஞ்சினை முழுதாகப் பிரித்துச் சேர்த்துக்கொண்டிருந்தோம், வெயில் தகரத்தில் இறங்கிக்கொண்டிருந்தது, முதல் சுற்று முடிந்தது, இரண்டாம் சுற்று ஒன்று, ஒண்ணு, இரண்டு, ரெண்டு, அவளுடைய குரல் என் குரலுக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி நடந்து வந்தது, ஒன்பது, ஒம்பது, பத்து, பத்து, அப்புறம் அவளுக்குப் பசித்தது. ஸ்கூட்டர் எடுத்துக்கொண்டு பொரிச்ச பரோட்டா வாங்கப் போனாள். துறைமுகச் சாலை வளைவில் கன்டெய்னர் லாரி. அவ்வளவுதான், அதற்கு மேல் அந்த வரியை எழுத எனக்கு வரவில்லை, எத்தனை முறை முயன்றாலும் வளைவோடு நின்றுவிடுகிறது.

அவளுடைய அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, கடைசியா எம்பிள்ள என்ன சொன்னா மாப்பிள, ஒங்ககூடத்தான இருந்தா என்று கேட்டார், அம்மாவ நல்லாப் பாத்துக்கோங்கன்னு சொன்னா என்றேன், அந்த வாக்கியம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, வாயில் வந்தது, அவர் அதை வாங்கிக்கொண்டு கல்லறைத் தோட்டத்தில் எல்லோரிடமும் சொன்னார், இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அவள் போன பிறகு வந்த ஏழு இரவும் எனக்கு ஒரே கனவு, பட்டறை முழுக்கக் கணுக்கால் அளவு கடல் தண்ணீர், எஞ்சின் நடுவில் தோணி மாதிரி மெல்ல ஆடுகிறது, அவள் அதன் மறுபக்கம் முக்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், ஈரத் தலைமுடி, மடியில் பரோட்டாப் பொட்டலம், பதினொன்று என்கிறேன், பதினொண்ணு என்கிறாள், ரெஞ்ச் டக் என்கிறது, பன்னிரண்டு, பன்னெண்டு, டக், பொட்டு, அவள் எழுந்து சேலையை உதறிக்கொண்டு இப்ப மூடலாம் என்கிறாள், தண்ணீர் வடிகிறது, விழித்துக்கொள்கிறேன், மறுநாளும் அதே பதினொன்று, அதே டக், கை மணிக்கட்டில் அந்த அதிர்வு விடிந்த பிறகும் இருந்தது. ஏழாம் நாள் பூசை முடிந்து எட்டாம் நாள் பட்டறைக்கு வந்தேன், முக்காலி இருந்தது, அதன் மேல் மூடிய குப்பி இருந்தது, குப்பியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன், எண்ணி முடித்தாயிற்று என்பது எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது, என் பெயர் தெரிவது மாதிரி தெரிந்தது, குனிந்து பார்க்கவில்லை, ஆயில் தொட்டியைத் தூக்கி வைத்துப் பூட்டினேன். கனவில் முறுக்கிய இரண்டு போல்ட்டை நம்பி ஒரு எஞ்சினைக் கடலுக்கு அனுப்பினேன்.

அந்த இரண்டு போல்ட்டின் பாதி இறுக்கத்தில் எஞ்சின் இரண்டு மாதம் ஓடியது, அதுவே பெரிது. ஆகஸ்ட்டில் கரையிலிருந்து எழுபது மைலில் ஆறாவது ராடு பிடி விட்டு, பிளாக்கின் பக்கச் சுவரைக் குத்திக்கொண்டு வெளியே வந்தது, கொதிக்கிற எண்ணெய் எஞ்சின் அறையில் நின்றிருந்த கஸ்பார் அண்ணனின் இடது கையில் முழங்கை வரை அடித்தது, எட்டுப் பேர் இரண்டு நாள் காற்று கொண்டு போன பக்கமெல்லாம் போனார்கள், மூன்றாம் நாள் இன்னொரு படகு கண்டு கயிறு கட்டி இழுத்து வந்தது. எஞ்சினை என் பட்டறையில் இறக்கும்போது அவர் கட்டுப் போட்ட கையோடு வாசலில் நின்று, என் தப்புதான் தம்பி, சூரைக் கூட்டத்தப் பாத்ததும் ஆயிலப் பாக்காம ஓட்டிட்டேன், ஒன் வேலைய நான் கெடுத்துட்டேன், மன்னிச்சிரு என்றார். அவர் போன பிறகு தொட்டியைக் கழற்றினேன், பத்துச் சிவப்புப் பொட்டுகள் எண்ணெயில் கறுத்து மங்கி, ஆனால் பத்தும் இருந்தன, பதினொன்று தொட்டியின் அடியில் இரும்புத் தூளோடு கிடந்தது, பன்னிரண்டு பாதியில் முறிந்திருந்தது, இரண்டின் தலையையும் மண்ணெண்ணெயில் கழுவி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், சிவப்பு ஒரு துளிகூட இல்லை. துணியில் சுற்றி மேசை இழுப்பறையில் வைத்தேன். சொல்ல வேண்டும் என்று நினைத்தேன், நாளை என்று நினைத்தேன்.

நாளைகள் ஒரு மாதம் ஆயின. சனிக்கிழமை தோறும் கஸ்பார் அண்ணன் இலையில் சுற்றிச் சூரைத் துண்டு கொண்டு வந்து வைத்தார், செய்யாத தப்புக்கு அபராதத்தை மீனாகக் கொண்டு வந்து கொடுக்கிறார், நான் அதைப் பொன்னுலிங்கத்திடம் கொடுத்துவிடுவேன். பிளாக் புதிது, லைனர் புதிது, அடித்துச் செய்த கெட்டிப் பிஸ்டன்கள், பெரிய டர்போ, எண்ணெயைக் குளிர்விக்க முன்னதைவிட இரண்டு மடங்கு கூலர், இந்தத் தடவ கடல்ல ஒருத்தனும் என்ன முந்தக் கூடாது தம்பி, இன்னும் அம்பது குதிர கூட்டு என்றார், கூட்டினேன், எதையெல்லாம் பெரிதாக்க முடியுமோ பெரிதாக்கினேன், பொன்னுலிங்கம் கிராங்கைத் தீட்டிக் கொடுத்தார், அதில் என் முகம் ஆறு இடத்தில் வளைந்து தெரிந்தது, வேலை செய்யும்போது எதுவும் தோன்றவில்லை, அளவுகள் மட்டும் தோன்றின, ஒரு முடியில் பாதி, அதில் பாதி, அளவுகளுக்குள் ஆள் காணாமல் போகலாம், நான் போனேன். நேற்று போல்ட்டுகள் வந்தன, பழையதைவிடத் தடிமன், பன்னிரண்டு, முதல் சுற்றை நேற்றே முடித்துவிட்டேன், இரண்டாம் சுற்றை என்னால் தொடங்க முடியவில்லை, முக்காலியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இன்று சனிக்கிழமை. கஸ்பார் அண்ணன் மீனோடு வந்தார், எண்ண வேணும்லா, நான் வேணா ஒக்காரட்டா என்று அவராகவே கேட்டார், அவள் எண்ணுவதை ஜூனில் வாசலில் நின்று பார்த்திருக்கிறார். இழுப்பறையைத் திறந்து துணியைப் பிரித்து அந்த இரண்டு போல்ட்டையும் அவருடைய நல்ல கையில் வைத்தேன், ஆயில் இல்ல அண்ணே, இது ரெண்டையும் முழுசா முறுக்காம மூடினேன், நான்தான் என்றேன், கனவைச் சொன்னேன், இழுப்பறையில் ஒரு மாதம் வைத்திருந்ததைச் சொன்னேன், என் குரல் வேறு யாரோ வாசிக்கிற மாதிரி இருந்தது. அவர் போல்ட்டுகளை உள்ளங்கையில் உருட்டினார், தோல் புதிதாக முளைத்த இடது கை வெளிறி மினுங்கியது, எட்டுப் பேரு வே என்றார், தம்பி என்று சொல்லவில்லை, ரெண்டு நாளு, குடிக்கத் தண்ணி கையளவு, எம்மச்சான் மாதாவக் கூப்புட்டு அழுதான், தெரியுமா வே ஒனக்கு. தெரியும் என்றேன். தெரியாது என்றார். லேத் நின்றுவிட்டது, பொன்னுலிங்கம் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது. வேற பட்டறைக்குத் தூக்கிட்டுப் போயிருங்க, பாகத்தையெல்லாம் சேத்து ஏத்தி விடுதேன் என்றேன். அவர் போல்ட்டுகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார், ஒரு மாசமா ஆயிலப் பாக்காத மூதேவின்னு எம்பொண்டாட்டி சோறு போடும்போதெல்லாம் ஏசுதா, மொதல்ல நீ வீட்டுக்கு வந்து அவகிட்ட இதச் சொல்லணும், அவ என்ன செய்வாளோ அது ஒம்பாடு என்றார், பிறகு முக்காலியை இழுத்து அதில் கனமாக உட்கார்ந்தார், அவள் உட்கார்ந்த பக்கம், அவள் உட்கார்ந்த மாதிரி இல்லை, எங்க அந்தச் செவப்பு என்றார்.

குப்பியைக் கொடுத்தேன், இறுகிப்போன மூடியை அவர் பல்லால் கடித்துத் திறந்தார், அந்த வாசனை வந்தது. ஒன்று என்றேன், டக், ஒண்ணு என்றார், அகலமாகத் தீற்றினார், தேர்த்தூணுக்கு வர்ணம் அடிக்கிற மாதிரி, இரண்டு, ரெண்டு, கடல்காரனின் குரல், ஒவ்வொரு எண்ணும் காற்றை எதிர்த்துச் சொன்னது மாதிரி பட்டறை முழுக்கக் கேட்டது, அந்தக் குரலுக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி இன்னொரு குரல் நடந்து வருகிறதா என்று கேட்டுக்கொண்டே முறுக்கினேன், தரையில் தண்ணீர் ஏறுகிற மாதிரி இருந்தது, குனிந்து பார்த்தேன், காய்ந்த சிமென்ட்தான், ஒன்பது, ஒம்பது, பத்து, பத்து, என் கை நின்றுவிட்டது. ரெஞ்ச் பதினொன்றின் தலையில் உட்கார்ந்திருக்கிறது, இழுக்கத்தான் வேண்டும், இழுக்க முடியவில்லை, கனவு மட்டும்தானா, எட்டாம் நாள் நான் குனிந்து பார்க்காததற்குக் காரணம் அது மட்டும்தானா. என்ன தம்பி என்றார் கஸ்பார் அண்ணன், மறுபடி தம்பி என்றார். ஒரு நிமிசம் அண்ணே என்றேன். வாசல் பக்கம் பார்த்தேன், வெயிலும் ரோடும் இருந்தன. இழுத்தேன். டக். பதினொன்று. பதினொண்ணு என்றார், பொட்டு வைத்தார், பெரிதாகி ஓரத்தில் வழிந்தது, கட்டைவிரலால் துடைத்துச் சின்னதாக்கினார். பன்னிரண்டு. பன்னெண்டு. இறுக மூடிக் குப்பியை என்னிடம் நீட்டினார், குலுக்கினேன், குண்டுகள் சத்தம் போடவில்லை, பூச்சு குறைந்து அடியில் மிஞ்சிய கெட்டியில் இரண்டும் ஒட்டிக்கொண்டிருந்தன, இன்னும் ஒருமுறை குலுக்கினேன், விட்டு வந்தன.

பதினொண்ணுல ஏன் தம்பி அவ்வளவு நேரம் நின்ன என்று கேட்டார். அவளுடைய அம்மாவிடம் நான் சொன்னது பொய் என்றேன், அம்மாவைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை, வேறு யாரைப் பற்றியும் சொல்லவில்லை, குப்பியை மூடி முக்காலியில் வைத்தாள், ஸ்கூட்டர் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு வாசல் வரைக்கும் போய், திரும்பி, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சொன்னாள், பத்து முடிஞ்சிருக்கு, நான் வாரவரைக்கும் பதினொண்ணத் தொட்டுராதீங்க.