அவள் பேசிய முதல் பாதி

காலையில் எழுந்தான். பல் தேய்த்தான். அரிசி களைந்து குக்கரில் வைத்தான், விசில் வந்ததும் அணைத்தான். சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு பஸ் பிடித்து வானொலி நிலையத்துக்குப் போனான்.

அவன் மனைவி பல்கலைக்கழகத்தில் அரசியல் தத்துவம் நடத்தியவள். ஊரில் எந்த வாதம் நடந்தாலும் மேடையில் இருப்பாள். அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. முதலில் எதிராளியின் கட்சியை எதிராளியைவிட நன்றாக எடுத்துச் சொல்வாள். "ஆமா, இதைத்தான் சொல்ல வந்தேன்" என்று அவர் தலையாட்டிய பிறகுதான் பிரித்து மேய்வாள்.

ஓட்டுப் போடாதவருக்கு அபராதம் கூடாது என்று வருஷக்கணக்காக வாதாடியவள் அவள். வானொலியில் அதைப் பற்றிப் பேசினாள். எதிராளியின் கட்சியை எடுத்துச் சொன்ன முதல் பாதி மட்டும் பதிவானது. அவளுடைய பதிலான மறுபாதியை மறுநாள் பதிவு செய்வதாக இருந்தது. அன்று மாலையே மூளையில் ரத்தம் கசிந்து இறந்துபோனாள்.

இப்போது அந்தப் பாதியை ஒலிபரப்பப் போகிறார்கள்.

பதிவு அறையில் நிகழ்ச்சித் தயாரிப்பாளரும், மேடைதோறும் அவளோடு மோதிய வக்கீலும் காத்திருந்தார்கள்.

"இதைக் கேட்டா அவங்க என் பக்கம் சாஞ்சுட்டாங்கன்னு ஊரே நம்பிடும், தம்பி," என்றார் வக்கீல். "எனக்கு லாபம்தான். ஆனா அவங்க உயிரோட இருந்தப்ப ஒரு தடவைகூட ஜெயிக்காதவன், இப்படியா ஜெயிக்கணும்?"

"பதிலை நீங்களே சொல்லிடுங்க, சார்," என்றார் தயாரிப்பாளர். "அவங்க என்ன சொல்லியிருப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். எத்தனையோ மேடையில் கேட்டுக் கேட்டு மனப்பாடம். ஒப்பித்துவிட்டால் அவள் பெயர் நிற்கும். ஒலிவாங்கிக்கு முன்னால் உட்கார்ந்தான். சிவப்பு விளக்கு எரிந்தது.

"பழைய பதில் எனக்குத் தெரியும்," என்றான். "ஆனா அன்னிக்கு அவ அதைச் சொல்லல. இங்கேருந்து வந்து, தலை வலிக்குதுன்னு படுத்தா. அப்பச் சொன்னதை அப்படியே சொல்றேன்."

வக்கீல் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டுக்கொண்டார்.

"'அந்த வக்கீல் கட்சியை இந்தத் தடவை ரொம்ப நல்லாச் சொல்லித் தொலைச்சுட்டேன்டா. என் பழைய பதில் இதுக்குப் போதாது. அதுக்காக அந்த ஆள் சொல்றது சரின்னு ஆயிடாது. கொஞ்சம் யோசிக்கிறேன், எழுப்பாதே.'"