ஏழாவது படி

"குடும்மா, நான் பண்றேன்" என்று மகள் மூன்றாவது முறையாகக் கையை நீட்டினாள். அம்மா டேப்லெட்டை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"கையை எடு. உங்கப்பாவோடதை நான்தான் எழுதுவேன்."

மருத்துவமனையின் தரைத்தளத்தில், இறப்புப் பதிவு கவுண்டருக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்கள். அப்பா போய் நான்கு மணி நேரம் ஆகியிருந்தது. பல் துலக்கப் போனவர் குளியலறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். இங்கே கொண்டுவந்து சேர்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பதிவு செய்தால்தான் உடலைத் தருவார்களாம்.

"அம்மாவே பண்ணட்டும் மேடம். ரொம்ப ஈஸி, அதுவே கூட வந்து சொல்லிக் குடுக்கும்" என்றார் கவுண்டர்காரர்.

அது எப்படிச் சொல்லிக் கொடுக்கும் என்று மகளிடமே பாடம் எடுக்கிறார்! அதை எழுதியவளே அவள்தான். செயலியைப் புதிதாகத் திறந்தவர் திருதிருவென்று விழிக்காமல் இருக்க, எங்கே தொட வேண்டும், அடுத்து என்ன என்று கட்டம் கட்டமாகக் காட்டும் வழிகாட்டிகளைச் செய்வது அவள் வேலை. இதைப் பிறப்புப் பதிவுக்காகச் செய்தாள். மொத்தம் ஏழு படிகள். ஏழும் முடிந்தால் திரை முழுக்க வண்ணக் காகிதத் துண்டுகள் கொட்டும். நடுவில், 'வாழ்த்துகள்! வெற்றிகரமாக முடித்துவிட்டீர்கள்!'

பிறகு இறப்புப் பதிவுக்கும் அதையே அப்படியே நகலெடுத்துப் போட்டார்கள். கடைசித் திரையை மாற்ற வேண்டாமா என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். "அதை ஆஸ்பத்திரி ஆளுங்கதான் நிரப்புவாங்க, அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்று சொன்னது வேறு யாருமில்லை, இவள்தான். அந்த அடுத்த மாதம் வந்து போய் ஒன்பது மாதமாகிறது.

அம்மா முதல் படியைத் தொட்டாள்.

பெயர், வயது, முகவரி. ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தேடி அடித்தாள். நான்காவது படியில் தொழில் கேட்டது.

"ஓய்வு பெற்றவர்னு ஒரு கட்டம் இருக்கும்மா, அதைத் தொடு."

"அவர் எங்கே ஓய்வு பெற்றார்? போன வாரம்கூட பக்கத்து பில்டிங்ல ஏறி இறங்கிட்டுத்தானே வந்தார்" என்று சொல்லி, 'மற்றவை'யைத் திறந்து 'லிஃப்ட் மெக்கானிக்' என்று அடித்தாள்.

ஐந்தாவது படி: இறந்தவர் உங்களுக்கு என்ன உறவு? விரல் அப்படியே நின்றது. பத்து விநாடி விரல் அசையாவிட்டால் ஒரு கட்டம் எட்டிப் பார்க்க வேண்டும் என்று வைத்ததும் மகள்தான். சரியாகப் பத்தாவது விநாடியில் அது எட்டிப் பார்த்தது. 'உதவி வேண்டுமா?'

அம்மா 'வேண்டாம்' என்பதைத் தொட்டாள்.

அந்தக் காகிதத் துண்டுகளைக் கேட்டு வாங்கியவரே அப்பாதான். மகள் எதைச் செய்தாலும் முதலில் அவரிடம்தான் கொடுத்துப் பார்ப்பாள். "முடிச்சதும் இது பாட்டுக்கு சும்மா நிக்குதே. மாடி வந்தா லிஃப்ட் ஒரு டிங் குடுக்கும்ல? வந்து சேர்ந்தாச்சுன்னு ஆளுக்குத் தெரிய வேணாமா?" என்றார். வைத்தாள். அதன் பிறகு அவர் தொல்லை தாங்கவில்லை. மறுபடி காட்டு, மறுபடி காட்டு என்று பிராணனை வாங்கினார். "ஒரு பதிவுக்கு ஒரு தடவைதான்பா வரும். திரும்பத் திரும்ப வந்தா மனுஷனுக்கு எரிச்சலாகும்" என்று சிடுசிடுத்துக்கொண்டே ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்கிக் கொடுத்தாள். இப்போது கேட்டால் நூறு முறை கொடுப்பாள்.

ஆறு முடிந்தது. "அம்மா, இதை மட்டும் நான்..." என்பதற்குள் அம்மா ஏழாவதையும் தொட்டுவிட்டாள்.

சிவப்பும் மஞ்சளும் நீலமுமாகக் கொட்டியது. பின்னால் வரிசையில் நின்ற பெண்மணி எட்டிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"மன்னிச்சுக்கோங்கம்மா. எத்தனையோ தடவை புகார் குடுத்தாச்சு. இதைச் செஞ்சவங்களுக்கு அறிவே இல்ல" என்றார் கவுண்டர்காரர்.

"நான்தான் சார் செஞ்சது" என்றாள் மகள்.

அம்மா நிமிரவில்லை. கடைசித் துண்டு விழும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். திரை வெள்ளையானது.

"உங்கப்பா காட்டுவாரே, அதுதானே இது? பேப்பர் போட வந்தவரைக்கூட விடாம நிறுத்திக் காட்டினாரே." அம்மா வெள்ளைத் திரையை விரலால் தடவினாள். "இன்னொரு தடவை வருமா?"

"ஒரு தடவைதாம்மா வரும்."

அம்மா தலையாட்டிவிட்டு டேப்லெட்டைத் திருப்பிக் கொடுத்தாள். சான்று அச்சாகி வரப் பத்து நிமிடமாகும் என்றார் கவுண்டர்காரர். துணியால் திரையைத் துடைத்து, வரிசையில் நின்ற பெண்மணியிடம் நீட்டினார். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, எங்கே தொடுவது என்று தெரியாமல் விழித்தார்.

மகள் எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆறு படி வரை தொட வேண்டிய இடத்தை விரலால் காட்டினாள். ஏழாவதை அவர் தொட்டதும், "ஒரு நிமிஷங்க" என்று சொல்லி, திரையின் மேல் தன் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டாள்.