ஞானதாஸ் ஓட்டாத பஸ்

உத்திரமேரூர்–பெருநகர் தனியார் பஸ்ஸின் டிரைவர் ஞானதாஸ் இதுவரை ஒரு கோழியைக்கூட இடித்ததில்லை. ஊருக்குள் அவருடைய ஒரே சொத்து அந்த நல்ல பெயர்தான். அன்று காலை, நடவுக்குப் போகும் சிட்டம்மாள் படியில் ஒரு காலை வைத்துவிட்டு மறுபடியும் இறங்கிக்கொண்டாள்.

"நேத்து வண்டிய பாலத்துலேர்ந்து ஆத்துல உட்டுட்டியாமே நைனா, போன்ல காட்னாங்க. நான் பின்னால வர்ற வண்டியில வரேன்."

"ஆத்துல உட்டுருந்தா இங்க எப்டிக்கா நிப்பேன்?"

"அதான் எனக்கும் பேஜாரா கீது."

விசாரித்தால், குற்றவாளி பின்படியிலேயே நின்றுகொண்டிருந்தான். கண்டக்டர் சாம்சன். நெட்டில் பலபேர் சேர்ந்து பஸ் ஓட்டும் விளையாட்டு ஒன்று இருக்கிறதாம். விளையாடுகிறவர்களே தங்களுக்குப் பிடித்த வண்டியைச் செய்து அதில் விடலாமாம். அதற்கு மோடு என்று பேர். சாம்சன் இவர்கள் பஸ்ஸையே கிழிந்த சீட்டோடு அச்சு அசலாகச் செய்துவிட்டான். பாசத்தில் பின்கண்ணாடியில் 'டிரைவர்: ஞானதாஸ்' என்றும் எழுதிவைத்தான். எவன் எவனோ அதை எடுத்து, பாலத்திலிருந்து பறக்கவிட்டு வீடியோ போட்டுக்கொண்டிருந்தான்.

இதையெல்லாம் எப்படி அனுமதிக்கிறார்கள் என்று ஞானதாஸ் கொதித்தார். மோடு இல்லாவிட்டால் வெளிநாட்டு பஸ்ஸைத்தான் ஓட்ட வேண்டும், பெருநகர் பஸ்ஸை எந்தக் கம்பெனி செய்து தரும் என்று கேட்டான் சாம்சன். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. ஆனால் பெயர் போகிறதே.

எப்படி ஓட்டுவதென்று நாமே காட்டுவோம் என்று, மதியம் சாம்சனின் போனை வாங்கி விளையாட்டில் இறங்கினார். வளைவில் ஹாரன் அடித்தார். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் நின்றார். பின்னால் பஸ்கள் வரிசைகட்டி அலறின. ஆட்டத்தை நடத்தியவன் அவரை வெளியே தள்ளிவிட்டான்.

"என் வண்டிலேர்ந்து என்னியே எறக்கிட்டான்டா," என்றார் ஞானதாஸ்.

அவர் பிடித்த பிடியில் சாம்சன் பழைய மோடை எடுத்துவிட்டு, நாற்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாத ஒன்றைப் போட்டான். பறக்கும் வீடியோ நின்றது. சிட்டம்மாளும் டயரை ஒரு தட்டு தட்டிப் பார்த்துவிட்டு ஏறினாள். ஆனால் புது மோடை ஒருவரும் தொடவில்லை. டீ குடிக்கும்போதெல்லாம் ஞானதாஸ் சாம்சனின் போனை எட்டிப் பார்த்தார். காலி பஸ்ஸைப் பார்த்தால் எந்த டிரைவருக்கும் பொறுக்காது.

கடைசியில் அவரே ஆரம்பித்தார்.

"அறுவது வரிக்கும் போவட்டும்டா. பாலத்துல மட்டும் தானா ஸ்லோ ஆவறாப்ல பண்ணு."

பெயரை அழித்துவிடட்டுமா என்று சாம்சன் கேட்டான். ஞானதாஸ் டீயை முழுசாகக் குடித்து முடித்தார்.

"இருக்கட்டும். எவனாவது ஒருத்தன் ஒழுங்கா ஓட்னாலும் ஓட்டுவான்."