கார்த்திகேசுவோடு கரையேறிய கடல்

ஜூலை மாதத்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டு மணி முப்பத்தாறு நிமிடத்துக்கு, போர்ட் கிள்ளானில் நீச்சலை முடித்துக் கரையேறிய கார்த்திகேசுவோடு கடலும் கொஞ்சம் கரையேறியது; திரும்பிப் போகவில்லை. பாதத்திலிருந்து முழங்கால் வரை, இரண்டு விரல் தடிமனில், மைலோ பானத்தின் பழுப்பு நிறத்தில் அது அவர் கால்களைச் சுற்றி நின்றது. உள்ளே ஒரு இறால் இருந்தது. அவர் துண்டால் துடைத்துப் பார்த்தார். துண்டு நனைந்ததே தவிர கடல் குறையவில்லை.

போட்டியின் கணக்கு எளிது. ஆயிரத்துத் தொள்ளாயிரம் மீட்டர் நீச்சல், தொண்ணூறு கிலோமீட்டர் சைக்கிள், இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டம். காலை ஏழரைக்குத் தொடங்கி மாலை நான்கு மணிக்குள் எல்லாம் முடிய வேண்டும். உடை மாற்றுவதும் ஒன்றுக்குப் போவதும் அந்த நேரத்தில்தான் அடங்கும். பிரிக்பீல்ட்ஸில் லிப்ட் பழுதுபார்க்கும் கார்த்திகேசுவுக்கு நாற்பத்தேழு வயது. முதல் ஆண்டு ஓட்டத்தின் ஒன்பதாவது கிலோமீட்டரில் கால் பிடித்துக்கொண்டு ஆம்புலன்சில் முடித்தார். இரண்டாம் ஆண்டு கோட்டைத் தாண்டும்போது மணி நான்கு இருபது. அங்கே பேனரை மடித்துக்கொண்டிருந்தார்கள். அதிலிருந்து மனைவி வீட்டில் அவருக்குப் பெயர் ‘முக்கால்’. இந்த முறையும் முடிக்காவிட்டால் சைக்கிளை செமினியில் இருக்கும் தன் தம்பிக்குக் கொடுத்துவிடுவதாக மனைவி லோகேஸ்வரி சொல்லியிருந்தாள். அவள் சொன்னால் செய்வாள்.

நடுவர் ஹாசிம் ஓடிவந்தார். வாரநாளில் ஷா ஆலமில் அரசாங்க ஊழியர். ஞாயிறன்று விதிப் புத்தகத்தின் காவலர். தண்ணீருக்குள் இருப்பவர் நீச்சலை முடித்தவர் ஆகமாட்டார் என்றும், நீச்சலுக்கு இன்னும் நான்கே நிமிடம் பாக்கி என்றும் சொன்னார்.

“அண்ணே, இதக் கழட்டிட்டு வாங்க லா.”

“என்னாத்த கழட்டுறது? ஜிப்பு இருக்கா இதுக்கு?”

விஷயத்தை நேரம் குறிக்கும் பாய்தான் தீர்த்தது. போட்டியாளரின் கணுக்காலில் ஒரு மின்னணுச் சில்லு கட்டியிருக்கும். கரையில் விரித்த ரப்பர் பாய்க்குள் கம்பிச் சுருள் இருக்கும். சுருள் ரேடியோ அலையை அனுப்பும். சில்லு விழித்துக்கொண்டு தன் எண்ணைச் சொல்லும். பாய் ‘பீப்’ என்று கத்தும். உப்புத் தண்ணீர் அந்த அலையை விழுங்கக்கூடியது என்றாலும், இரண்டு விரல் தடிமன் அதற்குப் போதாது. கார்த்திகேசு மிதித்தார், பாய் கத்தியது. இயந்திரமே ஒப்புக்கொண்டபின் ஹாசிம் வழிவிட்டார்.

சைக்கிளில் ஷா ஆலம் போய்த் திரும்பும் வழியில்தான் இன்னொன்று தெரிந்தது. கடல் ஏறிக்கொண்டிருந்தது. கடலுக்கு ஏற்றமும் வற்றமும் உண்டு. ஒன்றிலிருந்து மற்றதற்கு ஆறு மணி நேரம் சொச்சம். அன்று போர்ட் கிள்ளானில் வற்றம் எட்டு நாற்பதுக்கு, ஏற்றம் இரண்டு ஐம்பத்திரண்டுக்கு. அங்கே நடந்தது அப்படியே கார்த்திகேசு மேலும் நடந்தது. பத்தரைக்குத் தொடை, பன்னிரண்டுக்கு இடுப்பு. எடை கூடியதால் மேட்டில் மூச்சு வாங்கியது, சரிவில் லோரியையே முந்தினார். வெயிலுக்கு மற்றவர்கள் சுருண்டபோது அவருக்குக் கால் பிடிக்கவில்லை. இறாலுக்குத் துணையாக ஒரு சின்ன நண்டும் வந்து சேர்ந்தது.

இந்தக் கணக்கின்படி உச்ச ஏற்றத்தில் தண்ணீர் தாடையோடு நின்றிருக்கும், அவரும் சுகமாக முடித்திருப்பார். ஆனால் ஓட்டம் கிள்ளான் லிட்டில் இந்தியா வழியாகப் போனது. அங்கே லோகேஸ்வரியின் அக்கா இராஜம்மாவுக்குப் பூக்கடை.

இராஜம்மா கண்ணுக்கு நடப்பது தெளிவாக இருந்தது. ஐந்து மாதம் சோற்றைத் தொடாமல், விடியுமுன் எழுந்து, உடம்பு வற்றி, கொதிக்கிற தாரில் ஒருவன் நேர்ந்துகொண்டவனைப்போல வருகிறான். தைப்பூசத்தில் அப்படி வருபவருக்கு என்ன செய்வார்களோ அதைச் செய்தாள். ஏழு பெண்கள், ஏழு வாளி மஞ்சள் தண்ணீர், வேப்பிலை. பாதத்தில்தான் ஊற்றினார்கள். ஆனால் தண்ணீர் தண்ணீரோடு சேரும். ஒரு சொட்டுகூடச் சாலையில் விழவில்லை. ஒவ்வொரு வாளிக்கும் மட்டம் ஏறி, ஏழாவது வாளியில் மூக்குக்கு மேல் நான்கு விரல் வந்து நின்றது. தொப்பி மட்டும் காய்ந்திருந்தது.

ஹாசிம் மோட்டார் சைக்கிளில் வந்து மஞ்சள் அட்டையை எடுத்தார். வெளியாள் உதவி செய்யக்கூடாது என்பது விதி.

“உதவியா? அவரு மூக்கப் பாரு தம்பி! இது உதவி மாதிரியா இருக்கு?” என்றாள் இராஜம்மா. “வெயில்ல நீயும்தான் வாடிப்போயிருக்க, காலக் காட்டு.” எட்டாவது வாளி ஹாசிமின் காலணிக்குள் இறங்கியது. மூச்சை நிறுத்துவதை உதவி என்று எழுத விதிப் புத்தகத்தில் இடமில்லாததால் அவர் அட்டையைப் பைக்குள் வைத்தார்.

அப்போது மணி மூன்று பத்து. மிச்சம் நான்கு கிலோமீட்டர். காத்திருந்தால் தண்ணீர் இறங்கும்தான். ஆனால் ஏற்றம் முடிந்த முதல் மணி நேரத்தில் கடல் பன்னிரண்டில் ஒரு பங்குதான் இறங்கும். கடலுக்கு அப்படியொரு சோம்பல். கார்த்திகேசுவின் அளவுக்கு அந்த ஒரு பங்கு என்பது நான்கு விரல். அதாவது மூக்கு வெளியே வர மூன்று ஐம்பத்திரண்டு ஆகும். பிறகு எட்டு நிமிடத்தில் நான்கு கிலோமீட்டர் ஓட அவர் குதிரை இல்லை.

லிப்ட்காரர் என்பதால் ஒன்று அவருக்குத் தெரிந்திருந்தது: லிப்ட் சட்டென்று கிளம்பினால் உள்ளே இருப்பவரின் வயிறு ஒரு நொடி பின்தங்கும். தண்ணீரும் அப்படித்தான் என்று நினைத்துத் துள்ளிப் பார்த்தார். உடம்பு எழுந்தது, கடல் ஒரு கண்ணிமைப்பு தாமதித்தது, மூக்கு வெளியே வந்தது. மூன்று தப்படி, ஒரு துள்ளல், ஒரு மூச்சு. அப்படியே போனார்.

“ஐயோ, தவளை மாதிரி போறாரு பாரு!” என்று அக்கா கடையில் காத்திருந்த லோகேஸ்வரி நடைபாதையில் கூடவே ஓடினாள். “துள்ளுங்க! நிக்காதீங்க! நின்னீங்க, நானே முக்கிருவேன்!”

மூன்று ஐம்பத்தெட்டுக்குக் கடைசிப் பாயை மிதித்தார். பாய் கத்தவில்லை. உயரத்தோடு சேர்ந்து தடித்தும் போயிருந்த உப்புத் தண்ணீர் இப்போது அலையை முழுசாக விழுங்கிவிட்டது. மறுபடி மிதித்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், குமிழிகள் வந்தன. பாய் கத்தாத இடத்தில் நடுவர் கையால் எழுதலாம், எழுதாமலும் விடலாம். ஹாசிம் மஞ்சள் கறைபட்ட காலணியோடு நின்றுகொண்டிருந்தார்.

“பேசாதீங்கண்ணே, முங்கிருவீங்க. நம்பர மட்டும் காட்டுங்க,” என்று சொல்லி, பேனாவைத் திறந்து எழுதினார்: 318, கார்த்திகேசு, பிற்பகல் 3.58, முடித்தார்.

கடல் அதன்பின் அவரைவிட்டுப் போகவில்லை. மருத்துவர்கள் உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். போர்ட் கிள்ளான் ஏற்ற வற்ற அட்டவணை பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டப்பட்டது. லோகேஸ்வரி அதைப் பார்த்துவிட்டுத்தான் சாப்பாட்டு நேரத்தைச் சொல்வாள். லிப்ட் நிறுவனம் அவருக்கு வற்ற நேரத்து வேலைகளை மட்டும் கொடுத்தது. இறால்கள் பெருகின, காரச் சம்பலுக்குக் கடையில் இறால் வாங்குவது நின்றது. அடுத்த ஆண்டு விதிப் புத்தகத்தில் ஒரு வரி கூடியது: கடலோடு ஓடுபவர்கள் சாலையின் இடப்பக்கமாக ஓடவும். அந்த ஆண்டு நான்கு பேர் இடப்பக்கமாக ஓடினார்கள்.